1987ல் வாங்கிய கிரைண்டர் ஓடுகிறது! 2018ல் வாங்கிய வாஷிங் மெஷின் பழைய இரும்புக் கடையில்!

துடியலூர் வீடு ஒன்றில் நடந்த கதை

மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஒரு 'குட்டி யானை' வண்டி போனது. பின்னால் ஒரு வாஷிங் மெஷின். வெள்ளைப் பெயிண்ட் மங்கவில்லை. கண்ணாடிக் கதவு பளபள என்று மின்னியது. கயிறு போட்டுக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். டீக்கடையில் நின்ற ஒருவர், "புது மெஷின் போகுது பாருங்க" என்றார்.

புது மெஷின் இல்லை. எங்கள் வீட்டு மெஷின். போன இடம் பழைய இரும்புக் கடை. கிடைத்த தொகை 900 ரூபாய்!

வாங்கிய விலை 27 ஆயிரத்துச் சொச்சம். 2018 தீபாவளிக்கு, மாதத் தவணையில் வாங்கியது. அம்மாவுக்கு மூட்டு வலி. குனிந்து துவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடனோ உடனோ, வாங்கியே தீர வேண்டிய நிலைமை.

ஆறு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை.

அதே வீட்டில், அதே சமையல்கட்டில், 1987ல் அப்பா வாங்கிப் போட்ட கிரைண்டர் இன்றும் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் இட்லி மாவு. கடகடவென்று சத்தம் போடும். ஆனால் நின்றது இல்லை. நின்றாலும் மறுநாள் ஓடிவிடும்.

இரண்டும் மோட்டார் வைத்த மெஷின்தான். இரண்டும் தண்ணீரில் புழங்குகிறவைதான். ஒன்று ஏன் இருக்கிறது? இன்னொன்று ஏன் போனது?

ஒரு ரூபாய்க் காசு

முதலில் மெஷின் கதை.

மூன்றாவது வருஷம் தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது. துணி உள்ளே, தண்ணீர் உள்ளே, கதவும் திறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டோம். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்தான். வந்து பார்த்ததற்கே ஒரு கட்டணம். பம்ப் மோட்டாரை மாற்ற வேண்டும், 2,800 ரூபாய் ஆகும் என்று சீட்டு எழுதினான்.

எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மெஷினின் கீழ் மூலையில் இருந்த சின்ன மூடியைத் திருகினார். ஒரு குண்டா தண்ணீர் கொட்டியது. அதோடு ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பட்டன், ஒரு ரூபாய்க் காசு!

"இது உங்க காசுங், நீங்களே வெச்சுக்கங்" என்று என் கையில் கொடுத்தார். கூலி 250 ரூபாய். மெஷின் ஓடியது.

முன்பக்கம் கதவு வைத்த மெஷின் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த மூடி இருப்பதே தெரியாது. மாதம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்தால் போதும். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும்.

லாரி சத்தம்

அடுத்தது தப்பவில்லை. ஆறாவது வருஷம், பிழியும்போது லாரி மேடு ஏறுவது மாதிரி ஒரு இரைச்சல். மெக்கானிக் டிரம்மைக் கையால் ஆட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"பேரிங் போயிருச்சுங்."

"பேரிங் தானுங்களே? மாத்திருங்க."

"பேரிங் நாலஞ்சு நூறு ரூபாய் சாமானுங். ஆனா அதை எடுக்கோணும்னா டப்பைப் பிரிக்கோணும். இந்த மாடல்ல டப்பை ரெண்டு பாதியும் சேத்து ஒரேயடியா ஒட்டியிருக்காங்க. போல்ட் இல்லீங். பிரிக்க முடியாது."

விஷயம் இதுதான். துணி சுற்றுகிற எவர்சில்வர் டிரம்முக்கு வெளியே, தண்ணீர் நிற்பதற்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். டிரம்மின் அச்சு அதன் பின்பக்கம் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். சில மெஷின்களில் தொட்டியின் இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கழற்றலாம், மாட்டலாம். சிலவற்றில் சூடு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மெஷினில் பேரிங் போனால் தொட்டி, டிரம், பேரிங் எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும்.

கம்பெனியில் கேட்டேன். 11 ஆயிரம் ஆகும், கூலி தனி, சாமான் வர மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். மூன்று வாரம் போய் ஐந்து வாரம் ஆனது. சாமான் வரவில்லை. அம்மா கல்லில் துணி துவைத்தார். இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார்.

ஒட்டிய தொட்டியை ரம்பம் போட்டு அறுத்து, பேரிங் மாற்றி, மறுபடி பசை வைத்துப் போல்ட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக் மாட்டேன் என்றுவிட்டார். "கசிஞ்சு தண்ணி கரண்ட்டுல விழுந்தா யாருங் பதில் சொல்றது?" என்றார். அவர் பணம் பறிக்க நினைத்திருந்தால் சரி என்று சொல்லியிருக்கலாம்!

குட்டி யானை வந்தது. மெஷின் போனது.

கோவைப் பிள்ளை

இப்போது கிரைண்டருக்கு வருவோம். இது நம் ஊர்ப் பிள்ளை.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, கோவை மில் ஊராகவும் மோட்டார் ஊராகவும் வளர்ந்தது. 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பிறகு பம்பு செட்டு, பவுண்டரி, லேத்துப் பட்டறை என்று கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கமெல்லாம் பட்டறைகள் பெருகின. அந்த ஊரில்தான் 1955ல் பி.சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார்.

யோசித்துப் பார்த்தால் சின்ன யோசனைதான். ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும், ஆட்டுகிற பெண்ணின் தோள்பட்டை கழன்றுவிடும். கிரைண்டரில் அதைத் தலைகீழாக்கினார்கள். கல் சுற்றுகிறது, குழவி இடத்தை விட்டு நகராமல் அங்கேயே உருள்கிறது. அடியில் ஒரு மோட்டார், ஒரு பெல்ட். அவ்வளவுதான்! கல்லுக்கு ஊத்துக்குளி பாறை.

2005-06ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011 செப்டம்பர் 15ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, ஆட்டாங்கல்லை விடாத வீடுகளுக்குள்ளும் கிரைண்டர் போய் உட்கார்ந்தது.

எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஆடாமல் அசையாமல் இத்தனை வருஷம் ஓடியதாக நினைத்துவிடாதீர்கள். பெல்ட் எத்தனை தடவை அறுந்தது என்பதற்குக் கணக்கில்லை. கெப்பாசிட்டர் நாலு மாற்றியாகிவிட்டது. பேரிங் இரண்டு தடவை. 1999ல் மோட்டார் புகைந்தது. காந்திபுரத்துக்கு டி.வி.எஸ். 50ல் தூக்கிக்கொண்டு போய்ச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டு வந்தார் அப்பா. கால் ரப்பர் தேய்ந்து, சைக்கிள் டயர் துண்டை வெட்டி வைத்தார். இப்போதும் அதுதான் இருக்கிறது.

ஆக, கிரைண்டர் கெடாத மெஷின் இல்லை. நன்றாகக் கெடும்! ஆனால் கெட்ட பாகம் தனியாகக் கழன்று வரும். அதற்கு மாற்றுச் சாமான் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் இருந்தார். நாலு ஸ்குரூவைத் திருகினால் வயிறு முழுவதும் வெளியே தெரியும்.

எங்கள் வாஷிங் மெஷினுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

'ம்ம்ம்' என்று முனகினால்

கிரைண்டர் பட்டனைப் போட்டால் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் சில நிமிஷத்தில் காயில் கருகிவிடும். கெப்பாசிட்டர் பலம் குறைந்தால் இப்படி ஆகும். பெரும்பாலும் சில நூறு ரூபாயில் தீருகிற வேலை. ஆனால் தெரியாமல் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். சுரீர் என்று அடிக்கும்.

வோல்டேஜ் குறைந்தாலும் அதே முனகல்தான். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வோல்டேஜ் பாதியாகக் குறைந்தால் இந்த வகை மோட்டாரின் இழுவை பாதி ஆவதில்லை, கால்வாசி ஆகிவிடும்! கல்லில் உளுந்து கெட்டியாக இருக்க, சாயங்காலம் ஊரே லைட்டு போட்டிருக்க, மோட்டார் என்ன செய்யும் பாவம்?

வாஷிங் மெஷினுக்கு இன்னும் மூன்று எதிரிகள்.

முதல் எதிரி உப்புத் தண்ணீர். சிறுவாணித் தண்ணீருக்குப் பேர் போன ஊர் நம் ஊர். ஆனால் குடிக்கிற தண்ணீரில் துணி துவைக்க எத்தனை வீட்டுக்குக் கட்டும்? போர் தண்ணீர்தான். டீ போடுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவம் மெஷினின் ஹீட்டரிலும் வால்விலும் படியும். தண்ணீர் வருகிற குழாய் முனையில் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும். அதில் மண்ணும் உப்பும் அடைத்தால் தண்ணீர் ஏறாது. மெஷின் நடுவில் நின்று ஏதோ ஒரு எழுத்தைக் காட்டும். "போர்டு போச்சு" என்று யாராவது சொல்வதற்கு முன் இந்த வலையைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

இரண்டாவது எதிரி எலி! சிரிக்காதீர்கள். மெஷினின் அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும். உள்ளே இருட்டு, கதகதப்பு. வயரைக் கடித்தே தீரும். அடியில் கம்பி வலையோ தகடோ அடித்தால் முடிந்தது.

மூன்றாவது எதிரி நாமேதான். நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று கைநிறையப் பவுடர் போடுகிறோம். முன்பக்கக் கதவு மெஷினுக்கு நுரை ஆகாது. அதற்கென்று நுரை குறைந்த பவுடர் தனியாக விற்கிறது. பாதி மூட்டைத் துணியைத் திணிப்பது இன்னொரு பாவம். கதவு ரப்பரைத் துடைக்காமல் விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

மெஷினின் உடம்பைத் தொட்டால் 'ஜிவ்' என்று இழுக்கிறதா? அது மெஷின் வயசானதற்கு அடையாளம் இல்லை. உயிர் விஷயம். எர்த் சரியில்லை, அல்லது உள்ளே எங்கோ கசிகிறது. ஈரத் தரை, ஈரக் கை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் சொருகுகிற புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள்!

கோந்து ஊற்றிய போர்டு

மெக்கானிக்கிடம் கேட்டேன்: "எந்த மெஷின் வாங்கினா நல்லதுங்?"

பிராண்டு சொல்ல மாட்டேன் என்றார். வகை மட்டும் சொன்னார். இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இரண்டு மோட்டார், இரண்டு டைமர், ஒரு பெல்ட், கெப்பாசிட்டர். "எந்த ஊர்லயும் எவன் வேணும்னாலும் சரி பண்ணுவான். ஆனா துணியைத் தூக்கித் தூக்கிப் போடோணும். உங்கம்மாவுக்கு அது கஷ்டம்." மேல்பக்க மூடி வைத்த ஆட்டோமேட்டிக் அடுத்தது. முன்பக்கக் கதவு நன்றாகத் துவைக்கும், தண்ணீர் கொஞ்சம். ஆனால் ரிப்பேர் வந்தால் செலவு.

அவருக்குப் பெரிய கோபம் போர்டு மேல்தான். ஆட்டோமேட்டிக் மெஷினின் மூளை அது. ஈரம் படாமல் இருக்க அதன் மேல் கோந்து மாதிரி ஒன்றை ஊற்றி மூடியிருப்பார்கள். ஈரத்துக்கு நல்லது. ஆனால் உள்ளே பத்து ரூபாய் சாமான் ஒன்று போனாலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது என்ற படமும் வெளி ஆளுக்குக் கிடைப்பதில்லை. "டாக்டருக்கு எக்ஸ்ரே குடுக்காம வைத்தியம் பண்ணுன்னா எப்படிங்?" என்றார். அவர் பையன் என்ஜினீயரிங் முடித்துவிட்டு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறான். கடைக்கு வர மாட்டான்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 2021 மார்ச் முதல் அங்கே விற்கிற வாஷிங் மெஷினுக்கு, அந்த மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் 10 வருஷம் உதிரிபாகம் கொடுக்க வேண்டும். பிரான்ஸில் அதே 2021 ஜனவரி முதல், முன்பக்கக் கதவு மெஷின் உட்படச் சில சாமான்களுக்கு, ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டுக் கடையிலேயே ஒட்டினார்கள். நம்ம ஊர் ஷோரூமில் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. ரிப்பேருக்கு ஒட்டியிருந்தால் நான் 27 ஆயிரத்தை வேறு இடத்தில் கொடுத்திருப்பேன்.

இந்தியாவில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, 'ரிப்பேர் உரிமை' பற்றி ஒரு கமிட்டி போட்டது. வீட்டு உபயோகச் சாமான்களும் அதில் அடக்கம். அதே வருஷம் டிசம்பர் 24ல் இதற்கென்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். கம்பெனிகள் சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி விவரங்களை அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பாவில் போட்ட மாதிரி கட்டாயம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கமிட்டி போட்ட அதே ஜூலையில்தான், எளிதில் ரிப்பேர் ஆகிற நம்ம ஊர் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதத்தில் இருந்து 18 சதவீதம் ஆனது!

ஏமாந்தவர்கள் போக ஓர் இடம்

வாரண்டி காலத்தில் இழுத்தடித்தாலோ, மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கினாலோ சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அதில் சொல்லலாம். தீரவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, மெஷினை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ஆள் எழுதிய சீட்டு. கடைக்காரர் கொடுக்கிற பில் ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடுகிறது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 'மோட்டாருக்கு 10 வருஷம் வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மோட்டாருக்கு மட்டும்தான் அது! பேரிங்குக்கும் போர்டுக்கும் தொட்டிக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். "இந்த மாடல்ல டப்பு கழட்டுற மாதிரியா, ஒட்டினதா?" என்றும் கேளுங்கள். விற்கிற பையன் முழிப்பான். முழிக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது செமி ஆட்டோமேட்டிக் வந்திருக்கிறது. துவைத்த துணியைப் பிழிகிற தொட்டிக்கு மாற்றுவது என் வேலை. ஆபீஸ் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். இரண்டு நாள் பஸ்ஸைத் தவற விட்டேன்.

போன வாரம் கிரைண்டரில் மாவு நைசாக அரைபடவில்லை என்றார் அம்மா. பெல்ட்டா, மோட்டாரா என்று பயந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். கல்லில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"கல்லு வழுவழுன்னு ஆயிருச்சுங். கொத்தோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளியோடு ஆள் வருகிறார். சனிக்கிழமை ராத்திரி அரிசி ஊறப்போட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.